சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா? எங்கே, எப்போது, என்னென்ன தாள்களோடு

வீட்டில் வக்கீல் என்று ஒருவரும் இல்லாத குடும்பத்திலிருந்து சட்டம் படிக்க வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வக்கீல் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே தெரிந்துவிடும் விஷயங்களை நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. நானும் ஒவ்வொரு கவுன்ட்டராக நின்று, கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். படிப்பு முடிந்து என்ரோல் ஆன பிறகு, மே மாதம் வந்தால் போன் வர ஆரம்பித்துவிடும். "பையனுக்கு லா சீட் வேணும் சார், எங்க போடலாம்?" அந்தக் கேள்வி வருகிற நேரத்தில் நாட்டிலுள்ள நல்ல சட்டக் கல்லூரிகளில் பாதிக்கான தேதி முடிந்து ஐந்து மாதம் ஆகியிருக்கும்.

மதிப்பெண் போதாமல் சீட் இழந்தவர்களைவிட, தேதி தெரியாமலும் தாள் சரியில்லாமலும் இழந்தவர்களையே நான் அதிகம் பார்க்கிறேன். அதனால் இந்தக் கட்டுரையில் படிப்பின் பெருமை பற்றி ஒன்றும் இருக்காது. தேதி, தாள், பணம் இவைதான். தமிழ்நாட்டு மாணவர்களை மனதில் வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன். கட்டணமும் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டைக் கட்டாயம் ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

1. ஐந்தாண்டா, மூன்றாண்டா?

பிளஸ் டூ முடித்ததும் நேராகச் சேர்வது ஐந்தாண்டுப் படிப்பு. பி.ஏ. எல்எல்.பி., பி.பி.ஏ. எல்எல்.பி., பி.காம். எல்எல்.பி. என்று பல பெயர்களில் இருக்கும். கையில் ஒரு டிகிரி இருந்தால் மூன்றாண்டு எல்எல்.பி. எந்த வழியில் வந்தாலும் கடைசியில் போடுகிற கறுப்பு கவுன் ஒன்றுதான். சட்டம்தான் என்று மனது உறுதியாக இருந்தால் ஐந்தாண்டில் ஒரு வருடம் மிச்சம். சந்தேகம் இருந்தால் பிடித்த டிகிரியை முடித்துவிட்டு வாருங்கள், தவறே இல்லை. என் கூடப் படித்தவர்களில் பி.எஸ்சி. வேதியியல் முடித்தவரும் இருந்தார், பொறியியல் முடித்தவரும் இருந்தார். பிளஸ் டூவில் எந்த குரூப் என்பதும் பிரச்சினையில்லை.

சட்டப் படிப்பையும் வக்கீல் தொழிலையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் வைத்திருக்கும் குறைந்தபட்ச மதிப்பெண் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், ஓ.பி.சி.க்கு 42, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. இது விண்ணப்பம் போடுவதற்கான தகுதி மட்டுமே. சீட் கிடைப்பது தரவரிசையைப் பொறுத்தது. சில நிறுவனங்கள் இதைவிட அதிகமாகவும் கேட்கும்.

இந்த இடத்திலேயே மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய டிகிரி. அதை வைத்து மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர முடியாது. பத்தும் பன்னிரண்டும் முறையாக முடித்து, அதன் பிறகு தொலைநிலையில் டிகிரி வாங்கியிருந்தால் பார் கவுன்சில் விதி அதை ஏற்கிறது.

இரண்டாவது, தபால் வழியில் சட்டப் பட்டம். அப்படி ஒரு எல்எல்.பி. வாங்கினால் வக்கீலாகப் பதிவு செய்யவே முடியாது. எவ்வளவு பெரிய பெயர் போட்ட விளம்பரம் வந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மூன்றாவது, ஒரே நேரத்தில் இரண்டு பட்டம். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022இல் இரண்டு பட்டப் படிப்புகளை ஒன்றாகப் படிக்க அனுமதித்தது உண்மைதான். ஆனால் சட்டப் படிப்புக்கு பார் கவுன்சில் விதிதான் செல்லும். அது இன்னொரு முழுப் பட்டப் படிப்பைச் சேர்த்துப் படிக்க அனுமதிப்பதில்லை. "எல்எல்.பி.யோடு எம்.ஏ.வும் போட்டுக்கிறேன்" என்று திட்டம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2. எங்கே போடுவது?

கல்லூரியின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் உங்களையே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். படித்து முடித்து எங்கே வேலை செய்யப் போகிறீர்கள்? வீட்டில் கடன் வாங்காமல் ஆண்டுக்கு எவ்வளவு தர முடியும்?

சொந்த மாவட்டத்து நீதிமன்றத்திலோ, சென்னை உயர் நீதிமன்றத்திலோ, அதன் மதுரைக் கிளையிலோ வழக்காடுவதுதான் எண்ணம் என்றால், அரசுச் சட்டக் கல்லூரியை மனதார முதலிடத்தில் வையுங்கள். கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். கல்லூரி நேரம் முடிந்து ஒரு சீனியரின் ஆபீசுக்குப் போகலாம், கோர்ட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். கீழமை நீதிமன்றத்தில் எந்த மனு எந்த வடிவில் போகிறது என்பதை அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும். சென்னைக் கல்லூரி இப்போது நகருக்குள் இல்லை. பட்டரைப்பெரும்புதூர், புதுப்பாக்கம் என்று இரண்டாகப் பிரிந்து 2018இல் வெளியே போய்விட்டது. தவிர மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, செங்கல்பட்டு, வேலூர், விழுப்புரம், தருமபுரி, ராமநாதபுரம், சேலம், நாமக்கல், தேனி, காரைக்குடி ஆகிய இடங்களிலும் அரசுச் சட்டக் கல்லூரிகள் உள்ளன. எல்லாம் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருப்பவை. சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. ஐந்தாண்டுக்கு பிளஸ் டூ மதிப்பெண், மூன்றாண்டுக்கு டிகிரி மதிப்பெண்.

அதே பல்கலைக்கழகம் சென்னை பெருங்குடி வளாகத்தில் நேரடியாக நடத்துவது சீர்மிகு சட்டப்பள்ளி. இங்கே ஆனர்ஸ் பட்டம். ஐந்தாண்டுப் படிப்புக்குப் பொதுவாக 70 சதவீதமும், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 60 சதவீதமும் கேட்கிறார்கள். கட்டணம் அரசுக் கல்லூரியைவிடப் பல மடங்கு. நல்ல மதிப்பெண் இருந்து, நுழைவுத் தேர்வுக்குத் தயாராக நேரம் இல்லாதவர்களுக்கு இது சரியான இடம். சீர்மிகு சட்டப்பள்ளிக்கு ஒரு விண்ணப்பம், இணைப்புக் கல்லூரிகளுக்கு வேறொரு விண்ணப்பம் என்பதை மறக்க வேண்டாம். ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டுக்கும் போட்டதாக நினைத்து ஏமாறுகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

பெரிய நிறுவனங்களில் கார்ப்பரேட் வேலை, டெல்லி, மும்பை என்று எண்ணம் இருந்தால் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள். நமக்குப் பக்கத்தில் திருச்சியில் ஒன்று இருக்கிறது. அங்கே தமிழ்நாட்டு மாணவர்களுக்கென்றும் இடங்கள் உண்டு. பெங்களூரில் இருப்பது இந்த வகையில் நாட்டிலேயே முதலாவது. இவற்றுக்கெல்லாம் கிளாட் என்ற ஒரே தேர்வு. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் ஐலெட் என்று தனியாக நடத்துகிறது. கட்டணம் விடுதியோடு சேர்த்து ஆண்டுக்கு 2 லட்சத்துக்கு மேல் போகும். சில இடங்களில் 4 லட்சத்தையும் தொடும். ஐந்து வருடத்துக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முன்னணியில் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் புதிதாக வந்தவற்றுக்கும் வேலைவாய்ப்பில் நிறைய வித்தியாசம் உண்டு. எங்கோ ஒரு மூலையில் புதிதாகத் தொடங்கிய தேசியப் பல்கலைக்கழகத்துக்கு 15 லட்சம் கடன் வாங்கிப் போவதைவிட, வீட்டிலிருந்து மதுரைக் கல்லூரிக்குப் போய் வருவது மேல் என்றுதான் நான் சொல்வேன். இதில் என்னோடு வாதாடுகிற நண்பர்கள் உண்டு. ஆனால் முதல் மூன்று வருடம் ஜூனியராக வாங்கும் பணத்தில் மாதத் தவணை கட்ட முடியாமல் தொழிலையே விட்டவர்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

மூன்றாண்டு படிக்க வெளியே போக நினைப்பவர்களுக்கு மூன்று நல்ல வாய்ப்புகள் இருக்கின்றன. டெல்லிப் பல்கலைக்கழகமும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகமும் முதுநிலைப் படிப்புகளுக்கான கியூட் என்ற நுழைவுத் தேர்வு மூலம் சேர்க்கின்றன. பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளி 2022 முதல் மூன்றாண்டுப் படிப்பும் நடத்துகிறது. அதற்கு என்எல்சாட் என்ற தனித் தேர்வு. புதுச்சேரிக்காரர்களுக்கு சென்டாக் என்ற அந்த அரசின் சேர்க்கைக் குழு வழியாக அங்கேயுள்ள அரசுச் சட்டக் கல்லூரி.

தனியார் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் நல்லவை உண்டு. சேருவதற்கு முன் பார் கவுன்சில் தளத்திலுள்ள பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயரையும், அனுமதி எந்தக் கல்வியாண்டு வரை நீள்கிறது என்பதையும் பாருங்கள். கல்லூரி அலுவலகத்தில் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். 2025 ஆகஸ்டில் பார் கவுன்சில் மூன்று ஆண்டுகளுக்குப் புதிய சட்டக் கல்லூரிகளுக்குத் தடை போட்டது. "இந்த வருஷம்தான் புதுசா ஆரம்பிக்கிறோம், பீஸ் கம்மி" என்று யாராவது சொன்னால், இரண்டு மடங்கு எச்சரிக்கையாக இருங்கள்.

அதைவிட ஆபத்தானது பக்கத்து மாநிலத்துச் சீட்டு. "கிளாசுக்கே போக வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் ரயில் ஏறினால் போதும்" என்று சொல்லும் ஏஜென்ட் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். இவற்றைத்தான் கோர்ட் வட்டாரத்தில் 'லெட்டர் பேட்' கல்லூரி என்கிறார்கள். பார் கவுன்சில் விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். 2024 செப்டம்பர் சுற்றறிக்கைக்குப் பிறகு கைரேகை வருகைப் பதிவும் கேமராவும் கட்டாயம். வேலையில் இருந்துகொண்டே வருகை காட்டிய பட்டம் பதிவு நேரத்தில் கேள்விக்குள்ளானால், கட்டிய பணமும் போன வருடங்களும் திரும்ப வராது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சட்டப் படிப்பில் இடையில் சேர்வதும் இடையில் பட்டத்தோடு வெளியேறுவதும் விதிப்படி இல்லை. மூன்றாவது வருடத்தோடு நிறுத்தினால் பி.ஏ. கையில் வரும் என்ற கணக்கு எடுபடாது. "இப்போ எங்கயாவது சேருவோம், அப்புறம் மாத்திக்கலாம்" என்று யாரும் ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம்.

3. வருடத்தின் நாட்காட்டி

பிளஸ் டூ வகுப்பு தொடங்கும் ஜூன் மாதத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஜூலை, ஆகஸ்டு வாக்கில் கிளாட் விண்ணப்பம் திறக்கும், ஐலெட்டும் அதை ஒட்டியே வரும். அக்டோபர், நவம்பருக்குள் மூடிவிடும். இரண்டு தேர்வும் டிசம்பரில். அதாவது பொதுத் தேர்வுக்கு மூன்று மாதம் முன்னாலேயே எழுதி முடிக்க வேண்டிய தேர்வு இது. மூன்றாண்டுக்கான கியூட்டுக்கு டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பித்து மார்ச்சில் எழுதுவார்கள்.

மே தொடக்கத்தில் பிளஸ் டூ முடிவு வந்த சில நாட்களில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டு விண்ணப்பம் திறக்கும். சுமார் மூன்று வாரம் இருக்கும். மூன்றாண்டு அறிவிப்பு அதன் பிறகு, ஜூனை ஒட்டி வரும். டிகிரி கடைசி செமஸ்டர் எழுதியவர்களுக்கு இங்கேதான் நெருக்கடி. விண்ணப்பிக்கும் நேரத்தில் எல்லாச் செமஸ்டர் மதிப்பெண்ணும் வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் முடிவை ஜூலை வரை இழுக்கும். உங்கள் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் மே மாதமே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. சான்றிதழ்கள்

இதில்தான் நேரம் போகும், நிம்மதியும் போகும். பொறுமையாகப் படியுங்கள்.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல்கள், டி.சி.; ஆதார்; சாதிச் சான்றிதழ். மூன்றாண்டுக்கு இவற்றோடு எல்லாச் செமஸ்டர் பட்டியல்கள், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்று அல்லது பட்டம். வேறு மாநிலப் பல்கலைக்கழகமாக இருந்தால் இடப்பெயர்ச்சிச் சான்று. சி.ஜி.பி.ஏ. மட்டும் போட்டிருந்தால் அதைச் சதவீதமாக மாற்றும் முறையைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாமே கணக்குப் போட்டு எழுதுவதை ஏற்கமாட்டார்கள்.

வருவாய்த் துறைச் சான்றிதழ்கள் எல்லாம் இ-சேவை மையம் வழியாக. ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். முதலில் கேன் எண் என்று ஒன்று பதிவு செய்வார்கள். அதில் பெயர், தந்தை பெயர், முகவரி எப்படி ஏறுகிறதோ அப்படித்தான் எல்லாச் சான்றிதழிலும் அச்சாகும். மையத்தில் தட்டச்சு செய்கிறவரின் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்த பிறகே சமர்ப்பிக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், பிறகு மேலே. பி.சி., எம்.பி.சி.க்குத் துணை வட்டாட்சியர், எஸ்.சி.க்கு வட்டாட்சியர், எஸ்.டி.க்குக் கோட்டாட்சியர். எஸ்.டி. சான்றிதழ் மாதக்கணக்கில் ஆகலாம். பிளஸ் டூ தொடக்கத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

நான் சரிபார்ப்புக்குப் போயிருந்த அன்று வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தார். மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் 'மு.' என்று ஓர் எழுத்து. ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப் பெயர். சாதிச் சான்றிதழில் அதே அப்பாவின் பெயர் வேறு விதமாக, 'சாமி' என்பதற்குப் பதில் 'சுவாமி' என்று இருந்தது. மேசையில் இருந்த அலுவலர் மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை ஒவ்வொரு வரியிலும் நகர்த்திப் பார்த்தார். "மூணும் ஒரே ஆள்தான்னு நான் எப்படிம்மா எழுதுறது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா வெளியே நின்றிருந்தார். பாண்டு பேப்பர் வாங்கி, நோட்டரி கையெழுத்துக்கு ஓடி, மாலை அலுவலகம் மூடும் நேரத்தில் திரும்பி வந்தார். சீட் கிடைத்துவிட்டது. எல்லாருக்கும் அப்படி ஒரு மாலை வாய்க்காது.

அதனால் இன்றே எல்லாத் தாளையும் ஒரு மேசையில் பரப்புங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை மூலமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு ஒப்பிடுங்கள். சாதிச் சான்றிதழில் பிழை என்றால் புதிதாக விண்ணப்பித்து வாங்குவது எளிது. ஆதாரைத் திருத்துவது அடுத்த எளிது. மதிப்பெண் பட்டியலில் பிழை என்றால் பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போக வேண்டும், பல மாதம் ஆகும். பெயரையே மாற்றியிருந்தால் அரசிதழ் வெளியீடு வேண்டும்.

அடுத்து, அதிகம் பேர் விழும் பொறி ஓ.பி.சி. சான்றிதழ். நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மாநிலச் சேர்க்கைக்கு மட்டும் செல்லும். மாநிலத்தில் பி.சி.க்கு 26.5, பி.சி. முஸ்லிம்களுக்கு 3.5, எம்.பி.சி., சீர்மரபினருக்கு 20, எஸ்.சி.க்கு 15, அருந்ததியருக்கு 3, எஸ்.டி.க்கு 1 என மொத்தம் 69 சதவீத இடஒதுக்கீடு. மத்திய அரசுப் படிவத்தில் கேட்கும் இடங்களில் ஓ.பி.சி. கிரீமிலேயர் அல்லாதோர், அதாவது வசதி படைத்த பிரிவில் வராதோர், என்ற சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத முன்னுரிமை இடம் உண்டு. ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கும் அது பொருந்தும். அதற்கு எல்லா வகுப்புக்குமான படிப்புச் சான்று வேண்டும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வாங்க வேண்டும். கோடை விடுமுறையில் தலைமை ஆசிரியரைத் தேடி அலைய வேண்டியிருக்கும் என்பதால் ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி நீங்கள்தான் என்றால் அதற்கான சான்றிதழ், உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ், வெளி மாநிலத்தில் பள்ளி படித்திருந்தால் பிறப்பிடச் சான்றிதழ், எல்லாம் அதே இ-சேவையில்.

டி.சி. வாங்கியதும் முதல் வேலையாக நான்கைந்து நகல் எடுத்து, ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். மூலத் தாள் கல்லூரிக்குப் போன பிறகு அதன் எண்ணையும் தேதியையும் கேட்கும் இடங்கள் நிறைய வரும்.

5. விண்ணப்பம் போடும் நாளில்

இணைப்புக் கல்லூரிகளுக்கான விண்ணப்பக் கட்டணம் சமீப ஆண்டுகளில் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 250. சீர்மிகு சட்டப்பள்ளிக்கு 1,000, 500. உங்கள் சொந்த மின்னஞ்சல், எப்போதும் கையில் இருக்கும் போன் எண், இரண்டையும் மட்டும் கொடுங்கள். பிரவுசிங் சென்டர்க்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டுக் கடவுச்சொல் தெரியாமல் கலந்தாய்வு அழைப்பையே பார்க்காமல் விட்டவர் உண்டு.

கல்லூரிகளின் வரிசையை விருப்பப்படி போடுங்கள், கட் ஆஃப் பயத்தில் கீழே இறங்க வேண்டாம். மதிப்பெண்ணைப் புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கத்தோடு அப்படியே பதியுங்கள். கடைசி இரண்டு நாளில் தளம் நத்தையாக நகரும். பணம் கணக்கிலிருந்து போய், விண்ணப்பம் 'முடியவில்லை' என்று காட்டினால் உடனே மறுபடி கட்டாதீர்கள். ஒரு நாள் காத்திருந்து பார்ப்பதற்கு அவகாசம் இருக்கும்படி முன்பே போடுங்கள். பூர்த்தியான படிவத்தையும் ரசீதையும் அச்செடுத்து வையுங்கள்.

6. கிளாட் எழுதுகிறவர்களுக்கு

இளநிலைத் தேர்வில் இரண்டு மணி நேரத்தில் 120 கேள்வி. தவறான விடைக்கு 0.25 மதிப்பெண் கழிவு. ஆங்கிலம், நடப்பு நிகழ்வு, சட்ட அறிவாற்றல், தர்க்கம், அடிப்படைக் கணக்கு. சட்டம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை, பத்தியிலேயே விதியைக் கொடுத்துவிடுவார்கள். உண்மையான தடை ஆங்கில வாசிப்பு வேகம்தான். தமிழ் வழியில் படித்தவர்கள் தினமும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்தை ஒரு வருடம் விடாமல் படித்தால் வித்தியாசம் தெரியும். விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 3,500. வயது உச்சவரம்பு இல்லை.

முடிவு வந்த பிறகு நடக்கும் கலந்தாய்வுக்குப் பதிவுக் கட்டணம் தனி. சமீப ஆண்டுகளில் 20,000 முதல் 30,000 ரூபாய் வரை கேட்டிருக்கிறார்கள். சில நாட்களுக்குள் கட்ட வேண்டும் என்பதால் டிசம்பரிலேயே இந்தப் பணத்தை ஒதுக்கி வைத்திருங்கள். பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்திய பிறகு மாற்ற முடியாது. இடம் ஒதுக்கியதும் மூன்று வழி தருவார்கள். ஃப்ரீஸ் என்றால் இதுவே போதும். ஃப்ளோட் என்றால் இதை வைத்துக்கொண்டு, மேலே உள்ள விருப்பம் கிடைத்தால் அதற்கு மாறத் தயார். எக்ஸிட் என்றால் விலகல். ஃப்ளோட் கொடுத்து மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும். ஆகவே போக விருப்பமில்லாத பல்கலைக்கழகத்தை அழகுக்காக மேலே போட்டு வைக்காதீர்கள்.

7. இடம் கிடைத்த பிறகு

ஒதுக்கீட்டு ஆணையில் சேர வேண்டிய கடைசித் தேதி இருக்கும். அந்த நாளில் நேரில் போகாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. இரண்டு இடத்தில் கிடைத்து, ஒன்றை விட்டுவர நினைத்தால் தாமதிக்காமல் எழுத்தில் விலகல் கொடுங்கள். யு.ஜி.சி. 2018இல் கொண்டுவந்த விதிப்படி மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். விலகும் நாளைப் பொறுத்துக் கட்டணத்தையும் திருப்ப வேண்டும். தனியார் நிறுவனம் ஒன்று மூலத் தாள்களைத் தராமல் என் நண்பரை இழுத்தடித்தது. அந்த விதியைக் குறிப்பிட்டு அவர் கடிதம் எழுதிய பிறகே கொடுத்தார்கள். எதைக் கொடுத்தாலும் பட்டியலிட்டு, முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள்.

8. பணம்

கல்விக் கட்டணம் மட்டும் செலவல்ல. ஐந்தாண்டில் 20 வாரம், மூன்றாண்டில் 12 வாரம் பயிற்சி (இன்டர்ன்ஷிப்) கட்டாயம். வெளியூரில் பயிற்சி என்றால் தங்குமிடமும் சாப்பாடும் உங்கள் செலவு. வெள்ளைச் சட்டை, கறுப்பு கோட்டு, சட்டப் புத்தகங்கள் என்று முதல் மாதமே கையைக் கடிக்கும். புத்தகம் வாங்க அவசரப்படாதீர்கள். பழைய புத்தகத்தையே கேளுங்கள். சட்டத்தின் மூலப் பிரதி மட்டும் புதிய பதிப்பாக இருக்கட்டும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால், பழைய குற்றவியல் புத்தகங்களை வாங்கிப் பயனில்லை.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு, பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். உதவித்தொகை எல்லாம் ஆதார் இணைத்த மாணவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே வரும். அப்பாவின் கணக்கு உதவாது. கல்விக் கடன் 4 லட்சம் வரை நம் பங்குத் தொகை இல்லாமலும், 7.5 லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமலும் வங்கிகள் தர முடியும். கிளை மேலாளர் ஈடு கேட்டால், மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு மாறும்.

9. வேலையில் இருந்துகொண்டு படிக்க நினைப்பவர்களுக்கு

இது சொல்லக் கஷ்டமான பதில். முழுநேர வேலையும் எல்எல்.பி.யும் ஒன்றாக ஓடாது. வகுப்புகள் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் நடக்க வேண்டும் என்பது விதி. பழைய மாலை நேரக் கல்லூரி இப்போது இல்லை. வேலையில் இருப்பதைக் கல்லூரியிடம் எழுத்தில் தெரிவித்து, நிர்வாகத்தின் தடையின்மைச் சான்றும் கொடுக்க வேண்டும் என்று 2024 சுற்றறிக்கை சொல்கிறது. உங்கள் மேல் கிரிமினல் வழக்கு ஏதும் இருந்தால் அதையும் மறைக்காமல் அறிவிக்க வேண்டும். ஷிப்ட் மாற்றியோ, நீண்ட விடுப்பு எடுத்தோ 70 சதவீத வருகையைக் காட்ட முடியும் என்றால் சேருங்கள். முடியாது என்றால் ஓய்வு பெற்ற பிறகும் படிக்கலாம். என் வகுப்பில் ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் முதல் பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்.

10. சேர்ந்த அன்றே ஒரு கோப்பு

பத்தாம் வகுப்புத் தாளிலிருந்து சேர்க்கை ஆணை, ஒவ்வொரு ஆண்டுக் கட்டண ரசீது, பயிற்சிச் சான்று வரை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வரிசையாகப் போட்டு வாருங்கள். படிப்பு முடிந்து தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்யும்போது இவற்றில் பெரும்பாலானவற்றை மறுபடி கேட்பார்கள். பதிவுக் கட்டணம் 750 ரூபாய்க்கு மேல், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125க்கு மேல் வாங்கக்கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதன் பிறகு அகில இந்திய பார் தேர்வு ஒன்று இருக்கிறது. பதிவான இரண்டு ஆண்டுகளுக்குள் அதில் தேறிவிட வேண்டும். பதிவு தாமதமாகாமல் இருக்க, கடைசிச் செமஸ்டர் முடிவு வந்ததும் தற்காலிகச் சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.